ஒரு தோட்டத்துக்கு இரண்டு துடைப்பம்

அந்த அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டால் ஒரே பதில்தான் வரும். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

தோட்டத்தில் இலை பாக்கி இருக்கும். இலை முடிந்தால் படிக்கட்டு. படிக்கட்டு முடிந்தால் மொட்டை மாடியில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்ட சருகு. எதுவுமே மிச்சமில்லாத ஒரு நாளில், சுத்தமாக இருந்த கேட்டைத் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடியாமல் தட்டில் கை வைக்கமாட்டார். வேலை முடிவதும் கிடையாது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறை மேடை ஓரமாக நின்றபடி ஆறிய சோற்றை வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே வந்துவிடுவார்.

அது அவருடைய அண்ணன் வீடு. பெங்களூர் ஜோகுபாளையத்தில் அந்த மாதிரி தோட்டத்தோடு தனி வீடுகள் இப்போது அதிகம் இல்லை. அண்ணன் கர்நாடக அரசாங்கத்தில் நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்றும் அவர் மனைவியை மேடம் என்றும் கூப்பிட்டேன். பின்பக்கம் ஒரு பெரிய பட்டர் ஃப்ரூட் மரம். முன்பக்கம் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம், பாதிக் கிளைகளைக் காம்பவுண்டுக்குள் நீட்டியிருந்தது. கார்த்திகை மழை விட்டதும் இரண்டும் கொட்ட ஆரம்பிக்கும். மாசி முடிகிறவரைக்கும் நிற்காது. பட்டர் ஃப்ரூட் இலை தோல் மாதிரி தடிமன், விழுகிற சத்தம் அறைக்குள் படுத்திருந்தாலும் கேட்கும். தூங்குமூஞ்சி இலை பொடிசு. பனியில் நனைந்தால் சிமெண்டோடு ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறினால் பறக்கும். ஒட்டுவதற்கும் பறப்பதற்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பெருக்கிவிட வேண்டும். பெருக்கி நிமிர்ந்தால் பின்னாலேயே விழுந்திருக்கும்.

எனக்கு ஒரு இடத்தில் கால் தங்காது. ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். ஆம்பூரில் தோல் கம்பெனி, திருப்பூரில் பனியன், கோவாவில் ஒரு ஓட்டலில் பாத்திரம், கடைசியாக வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் காவல். அங்கே நாள் முழுக்க நிற்க வைத்ததில் கால் வீங்கிப்போய், அதை விட்டுவிட்டுப் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். மதியத்துக்கு மேல்தான் வேலை. தங்க இடமில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் சாரைப் போய்ப் பார்த்தேன்.

"வாடகை எல்லாம் வேணாம்பா," என்றார் சார். "பின்னாடி மோட்டார் ரூம் சும்மாதான் கெடக்கு. காலையில தோட்டத்தைப் பெருக்கி, சாக்குல கட்டி, குப்பை வண்டிக்குக் குடுத்துடு. என் தங்கச்சிக்கு முதுகு போச்சு. சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீ வந்துட்டா அவ கொஞ்சம் உக்காருவா."

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வீட்டில் யாருக்கும் கெட்ட மனசு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றலாம்.

முதல் நாள் விடிந்ததும் துடைப்பத்தோடு வெளியே வந்தேன். தோட்டம் பளிச்சென்று இருந்தது. மரத்தடியில் ஒரு குவியல், அதன் பக்கத்தில் அந்த அக்கா. அறுபது வயதை ஒட்டி இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், தலையில் ஒரு மப்ளர். குனிந்த முதுகு முழுசாக நிமிரவில்லை. அந்த அளவிலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"புதுசா வந்திருக்கேன்கா. மோட்டார் ரூம்ல."

"அது தெரியுது. கையில இன்னா?"

"தொடப்பம்."

"எதுக்கு?"

"சார் தோட்டத்தைப் பெருக்கச் சொன்னாரு."

அவர் தன் துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி ஈர்க்குகளைச் சமமாக்கினார்.

"அப்ப நான் எதுக்கு இங்க?" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் பதில் எதிர்பார்க்கவில்லை. குவியலைச் சாக்கில் அள்ள ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நான் இன்னும் சீக்கிரம் எழுந்தேன். அவர் அதற்கும் முன்னால் எழுந்திருந்தார். அடுத்த நாளும் அப்படியே. பனியில் ஒட்டிக் கிடந்த இலையை, பெருக்கக் கூடாத நேரத்தில், உட்கார்ந்து கையால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மேடம் அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஏங்க, அவனுக்கு எதுக்கு எடம் குடுத்திருக்கு?" என்று உள்ளே சாரிடம் கேட்டது எனக்கும் கேட்டது. சார் அன்றைக்குக் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "தூங்கறியா நீ?" என்றார்.

எனக்கு அந்த அறை போனால் ரோடுதான். அக்காவிடம் போய் நேராகவே சொன்னேன். "அக்கா, நீங்க பெருக்கினா என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"நீ பெருக்கினா?"

"உங்கள யாருக்கா அனுப்புவாங்க? உங்க அண்ணன் வீடு."

சிரித்தார். "அண்ணன் வீடுதாம்பா. அதைத்தான் நானும் சொல்றேன்."

பிறகு, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொன்னார். "கல்யாணம் ஆயி ஆறு மாசத்துல, ரெண்டு நாளைக்குன்னு இங்க வந்தேன். அவரு வீட்லேர்ந்து யாரும் திரும்பக் கூப்புட வரல. அண்ணி புதுசா வந்திருந்த நேரம். மூணாவது நாள் காலையில எழுந்து பாத்தேன், தோட்டமெல்லாம் எலை. ஒரு தொடப்பத்தை எடுத்தேன். உக்காந்து தின்னா ரெண்டு நாளு. வேலை செஞ்சா எவ்ளோ நாளு வேணும்னாலும் இருக்கலாம். இல்லியா?"

அப்படி யாராவது அவரிடம் சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. சொல்ற அளவுக்கு நான் வச்சுக்கல."

அதற்கப்புறம் நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பேசி முடிவு செய்ததில்லை, தானாக அமைந்தது. பின்பக்கம் முழுக்க அவர் பெருக்கிவிடுவார். சார் முன்வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கிற நேரத்தில், அவர் கண்ணுக்கு எதிரே நான் பெருக்குவேன். பெருக்கும்போது துளசி மாடத்துக்குப் பின்னால் ஒரு மூலையை விட்டுவிடுவேன். அக்கா சரியாக அந்த நேரத்துக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்வார்.

"பாருண்ணா, இந்த மூலைய அப்படியே விட்டுட்டான். ஆம்பளை பெருக்கற லட்சணம்."

"ஏம்பா, பாத்துப் பெருக்க மாட்டியா?" என்பார் சார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அக்கா என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். பிறகு மோட்டார் அறைப் பக்கம் சாக்கைத் தூக்க வரும்போது கேட்பார், "நல்லா திட்டு வாங்கறே. பழக்கமா?"

"நாலு ஊர்ல வாங்கினதுக்கா."

"அதான், மொகத்துல ஒண்ணும் தெரியல."

குப்பை வண்டிக்காரர் கன்னடக்காரர். வீட்டுக் குப்பையை எடுப்பாரே தவிர, இலை மூட்டையைப் பார்த்தால் கையை ஆட்டி "எலெ பேடா", இலை வேண்டாம் என்று வண்டியை எடுத்துவிடுவார். நான் கெஞ்சினால் காதில் வாங்கமாட்டார். எரிக்கவும் கூடாது, தெருமுனையில் வைத்தால் கார்ப்பரேஷன்காரர்கள் பிடித்துவிடுவார்கள். அக்கா தெருவுக்குப் போய்க் கன்னடத்தில் வண்டிக்காரர் மகளின் பிரசவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே மூட்டையை வண்டிக்குள் தள்ளிவிடுவார். காய்க்கும் காலத்தில் அவர் சீட்டுக்கு அடியில் இரண்டு பட்டர் ஃப்ரூட் போய்விடும். "என்னைக் கேட்டுட்டா குடுத்தே?" என்று மேடம் ஒரு தடவை சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதற்கப்புறம் அக்கா, கீழே விழுந்து அடிபட்ட பழமாகப் பார்த்துத்தான் கொடுத்தார்.

சாரின் பையன் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ரூம் எடுத்து இருந்தான், சனி ஞாயிறு வருவான். அத்தை மேல் அவனுக்கு ரொம்பப் பாசம், அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரு சனிக்கிழமை அட்டைப் பெட்டியில் ஒரு மெஷின் கொண்டுவந்தான். காற்று ஊதி இலையைத் தள்ளுகிற மெஷின்.

"அத்தை, இனிமே நீ குனியவே வேணாம். சும்மா புடிச்சுனு நின்னா போதும்."

"சும்மா நிக்கறதுக்கு நான் எதுக்குடா?" என்றார் அக்கா. அவன் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

மெஷினைப் போட்டதும் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. இலை பறந்தது, தூசி பறந்தது, துளசி மாடத்தில் வைத்திருந்த பூ பறந்தது. அவன் ஒரு பக்கம் தள்ள, அது இன்னொரு பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் முழு வேகத்தில் வைத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான். இலை முழுக்க எழும்பி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளின் மேல் இறங்கியது.

"ஏன்ரீ இது? எல்லா கச நம் மனெகே பந்திதெ," என்று அந்த அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினார். குப்பையெல்லாம் தன் வீட்டுக்கே வந்துவிட்டது என்று.

பையன் மெஷினை நிறுத்திவிட்டு முழித்தான். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "பர்த்தீனி, நானே குடிஸ்தீனி," என்று, தானே வந்து பெருக்குவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனார். பக்கத்து வீட்டை முன்னும் பின்னும் பெருக்கி, வேட்டிகளை உதறி மறுபடி காயப்போட்டு, அவர்கள் கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி. அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மெஷின் பரண் மேல் ஏறிவிட்டது.

தை மாதத்தில் எனக்கு மறுபடியும் கால் அரித்தது. மங்களூர்ப் பக்கம் படகில் வேலை இருப்பதாக ஒருத்தன் சொன்னான். அத்தோடு, நான் போய்விட்டால் இந்த அக்காவுக்கும் தொல்லை விட்டது என்று ஒரு நினைப்பு. அவரிடம் சொன்னேன், "நான் கெளம்பறேன்கா. தோட்டம் உங்களுக்கே."

அவருக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"எனக்காகப் போறியா?"

"அப்படியில்ல. எனக்கும் போவணும்."

"நீ போனா இன்னொருத்தன வப்பாங்க. அவன் ஒழுங்கா வேலை செய்யறவனா இருந்துட்டா நான் இன்னா செய்யறது? மூலைய உட மாட்டான். தொடப்பத்தைக் குடுக்க மாட்டான். அந்தத் தங்கமானவன வச்சுனு நான் எங்க போறது? இருப்பா. எலை நிக்கறவரைக்கும் இரு."

இருந்தேன். என்னுடைய சோம்பேறித்தனத்துக்காக என்னை இருக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மாசியில் பட்டர் ஃப்ரூட் பூவெடுத்தபோது இலை அடைமழை மாதிரி கொட்டியது. ஒரு காலையில் சாக்கைத் தூக்கப் போனவர் தூக்கின நிலையிலேயே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சத்தம் போடவில்லை. நான் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது அப்படியே நின்றுகொண்டிருந்தார், வேர்த்து ஊற்றிக்கொண்டு. எவ்வளவு நேரம் நின்றாரோ. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினேன். கனமே இல்லை.

டாக்டர் படுத்தே இருக்க வேண்டும் என்றார். படுத்திருந்த நாளெல்லாம் அவர் எதுவும் சரியாகச் சாப்பிடவில்லை. மேடம் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, "கொஞ்சம் சாப்புடு, உனக்கு என்ன வேலையா காத்துனு இருக்கு," என்பார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் அந்தத் தட்டு அப்படியே திரும்பி வரும்.

அந்தச் சமயத்தில் பையனுக்குப் பெண் பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை ஆனேக்கலில் இருந்த அவருடைய சித்தி மகள் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானது. அங்கே மாடிப்படி இல்லை, தோட்டம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, நன்றாக ரெஸ்ட் எடுக்கலாம் என்றார்கள். ஏன் அன்றைக்கே என்று நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. காரில் ஏறும்போது அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினி நாளைக்குண்ணா?"

"ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன், ஒடம்பு தேறட்டும்," என்றார் சார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். அக்கா அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கார்க் கதவை அவரே சாத்திக்கொண்டார். பையன் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, பெண் வீட்டார் வருவதற்குள் திரும்புவதாக ஏற்பாடு.

கார் தெரு திரும்பியதும் மேடம் என்னிடம், "சீக்கிரம் தோட்டத்தைப் பெருக்கிடுப்பா. நாலு மணிக்கு அவங்க வந்துருவாங்க," என்றார்.

தரை தெரியாத அளவுக்கு இலை கிடந்தது. துடைப்பம் கையில்தான் இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து ஒருத்தர் ஊருக்குக் கிளம்பிப் போனதும் யாரும் பெருக்கமாட்டார்கள். போனவர் போய்ச் சேர்ந்த தகவல் வரவேண்டும். போனதும் பெருக்கித் தள்ளுவது பிணத்தை எடுத்த வீட்டில்தான், இனி திரும்பி வரமாட்டார்கள் என்று. எங்கள் ஊரில் மட்டுமில்லை, அந்த வீட்டிலும் அப்படித்தான். பையன் வைட்ஃபீல்டுக்குக் கிளம்புகிற ஞாயிறு சாயங்காலமெல்லாம் அவன் போன் வருகிறவரை அக்கா துடைப்பத்தைத் தொடமாட்டார். வைட்ஃபீல்டுக்கே அப்படி.

"அக்கா போய்ச் சேந்துட்டேன்னு போன் வரட்டும் மேடம்," என்றேன்.

"அதெல்லாம் இப்ப யாருப்பா பாக்கறா? மத்தியானம் ஆயிடும்."

"வரட்டும் மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். வருகிறவர்கள் புதுச் சம்பந்தம், தோட்டம் கிடக்கிற கோலமும் அப்படி. என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, தானே பெருக்க ஆரம்பித்தார். அவர் தோட்டம் பெருக்கி நான் பார்த்ததே இல்லை. நன்றாகவே பெருக்கினார். துளசி மாடத்துக்குப் பின்னால் உள்ள மூலையையும் விடவில்லை. அவரே சாக்கில் அள்ளிக் கட்டிச் சுவரோரம் நிறுத்தினார். சார் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் போன் வந்தது. சார் முன்வாசலில் நின்றுதான் பேசினார். அக்காவின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது.

"வந்து சேந்துட்டேண்ணா. பெருக்கிட்டீங்களா?"

சார் தோட்டத்தைப் பார்த்தார். மழை பெய்து விட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"இல்லம்மா," என்றார். "அப்படியேதான் கெடக்கு."

அந்தப் பக்கம் அக்கா எதுவோ சொன்னார். சார் "சரி, சரி," என்று போனை வைத்தார். அப்புறம் செருப்பு போடாமல் இறங்கிப் போய், சுவரோரம் இருந்த ஒரு சாக்கின் கட்டை அவிழ்த்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், சாக்குக் கட்டு அவிழ்த்துப் பழக்கமில்லை, நகத்தால் பிய்த்தார். இழுத்துக்கொண்டு வந்து நடுத்தோட்டத்தில் கவிழ்த்து, இலையைக் காலால் நாலு பக்கமும் தள்ளினார்.

மேடம் வாசலுக்கு வந்தார். "என்ன பண்றீங்க? அவங்க வர நேரம்."

"வரட்டும்."

இரண்டாவது சாக்கு அவரால் இழுக்க முடியவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். மேடம் காபிக்குப் பால் வைக்க உள்ளே போனார்.

நாலு மணிக்கு மேல் பெண் வீட்டார் வந்தார்கள். கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் சருகை மிதித்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. பெண்ணின் அப்பா பட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். படியேறும்போது திரும்பித் தோட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பெரிய மரம். இதையெல்லாம் பெருக்க வீட்ல ஆள் இல்லையா?"

நான் துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"என் தங்கச்சி இருக்கா," என்றார் சார். "ஊருக்குப் போயிருக்கா. வந்துருவா."